சொட்டுப் பால் நீலம், கரண்டிப் பால் வெள்ளை

கண்ணாடி டம்ளரில் 200 மில்லி தண்ணீர் எடுத்து, அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சை டம்ளரின் பக்கவாட்டில் ஒட்டிப் பிடியுங்கள். கொழுப்பு நீக்கிய பாலை இரண்டு மூன்று சொட்டு விட்டுக் கலக்குங்கள். ஒளிக்கற்றைக்குக் குறுக்கே நின்று பார்த்தால் தண்ணீர் இளநீலம். டார்ச்சுக்கு நேர் எதிரே நின்று பார்த்தால் விளக்கு மஞ்சளித்துத் தெரியும். பாலில் மிதக்கும் கேசின் புரதத் திரள்கள் 0.1, 0.2 மைக்ரான் அளவுதான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அவை சிவப்பைவிட நீலத்தை அதிகமாகத் திருப்பிவிடுகின்றன. கொழுப்புள்ள பால் வேண்டாம்: அதன் பெரிய கொழுப்புத் திவலைகள் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒன்றுபோலச் சிதறடித்து நீலத்தை மங்கடித்துவிடும்.

இனி கரண்டி கரண்டியாக ஊற்றுங்கள். நீலம் போகும், விளக்கின் உருவம் கரையும், டம்ளர் முழுக்க வெள்ளையாகிவிடும். துகள் அதேதான், ஒளி எத்தனை முறை திரும்புகிறது என்பதுதான் மாறியிருக்கிறது. முன்பு ஒருமுறை திரும்பிய ஒளி வெளியேறிவிட்டது. இப்போது ஒரு துகள் விட்டதை அடுத்த துகள் பிடிக்கிறது. சிவப்பு சற்று ஆழமாகப் போய்த் திரும்பும், அவ்வளவே. பால் எந்த நிறத்தையும் பெரிதாக உறிஞ்சாததால் எல்லாம் வெளியே வந்து கலக்கின்றன. போலராய்டு கண்ணாடி (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுவது) இருந்தால் அதைச் சுழற்றிப் பாருங்கள்: சொட்டுப் பாலில் குறுக்கே வரும் ஒளி கூடிக் குறையும், கெட்டிப் பாலில் அந்த மாற்றம் தெரியாது.

இதுதான் பன்முறைச் சிதறல். ஒளியின் பயணம் திக்குத் தெரியாதவன் நடைபோல ஆகிவிடுகிறது: எடுத்து வைக்கும் எட்டு ஒன்றுக்கு 1 மி.மீ. என்றால், 10 மி.மீ. விலகிப் போகச் சுமார் 100 எட்டு வேண்டும். அதனால் தடிமன் இரட்டித்தால் மறுபக்கம் கசியும் ஒளி ஏறத்தாழப் பாதியாகும். சிதறாத நேர்க்கற்றையைப்போல அடுக்குக்குறி வேகத்தில், அதாவது ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் அதே பங்கு குறைந்துகொண்டே போய், சரிவதில்லை. மேகத்தில் சுமார் 10 மைக்ரான் நீர்த்துளிகள் ஒளியைப் பெரும்பாலும் முன்னோக்கியே தள்ளுகின்றன. வந்த திசையை ஒளி மறக்க ஆறேழு சிதறல் ஆகும். மேகத்திலும் ஒளி இப்படி மெல்லவே குறைவதால்தான் வானம் மூடிய நண்பகலிலும் புத்தகம் படிக்க முடிகிறது.

தண்ணீரின் கலங்கலை அளக்கும் கருவிக்கு இது பெரிய இடைஞ்சல். கற்றைக்கு 90 டிகிரியில் வரும் ஒளி, ஒரே முறை சிதறியது என்று வைத்துத்தான் அது கணக்கிடுகிறது. மிகக் கலங்கிய நீரில் ஒளி வழியிலேயே மாட்டிக்கொள்வதால், வண்டல் கூடியும் அளவு குறைந்து காட்டக்கூடும். இது ஆபத்தான பிழை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 180.1 செய்முறை, 40 என்.டி.யூ.வை (கலங்கலின் அலகு) தாண்டிய மாதிரியை வடிகட்டிய நீர் சேர்த்து நீர்க்கச் செய்து அளக்கச் சொல்கிறது. குப்பியில் காற்றுக்குமிழோ விரல் ரேகையோ இருந்தாலும் அளவு பிசகும்.

இத்தனை திரும்பலுக்குப் பிறகும் ஒளி ஒன்றை மட்டும் மறப்பதில்லை. ஒரே துகள் வரிசையை ஓர் அலை முன்னிருந்தும் இன்னொன்று பின்னிருந்தும் கடந்தால், இரண்டும் சம தூரமே பயணித்திருக்கும். வந்த வழிக்கு நேர் எதிரே அவை ஒத்த கட்டத்தில், முகட்டோடு முகடாகக் கூடுவதால், அங்கே ஒளி சுற்றுப்புறத்தைவிட ஏறத்தாழ இரு மடங்கு வரை ஏறும். 1984இல் ஆய்வாளர்கள் குகாவும் இஷிமாருவும் நீரில் மிதந்த நுண்கோளங்களில் இந்தக் கூர்முனையை அளந்தார்கள். மறு ஆண்டே ஆம்ஸ்டர்டாமிலும் கிரெனோபிளிலும் உறுதியானது. அதன் அகலம் பெரும்பாலும் ஒரு டிகிரிகூட இராது.