ஓர் அலகு மின்னுக்கு எத்தனை பற்றரி?

1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பற்றரி கொண்டுவரத் தடை இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுழற்றித்தான் பலர் வானொலிச் செய்தி கேட்டார்கள். தீர்ந்த பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் சில நிமிடங்கள் பாடவைத்தவர்களும் உண்டு. சூடு, உள்ளே மிஞ்சியிருக்கும் இரசாயனத் தாக்கத்தைச் சற்று விரைவுபடுத்தும். அவ்வளவுதான், கரைந்த நாகம் (துத்தநாக உலோகம்) திரும்பி வராது.

சாதாரணப் பற்றரியின் கூடே நாகத்தால் ஆனது. நடுவில் காபன் கோல், சுற்றிவர மங்கனீசீரொட்சைட்டுக் கலவை. மின் எடுக்க எடுக்கக் கூடு கரைகிறது. விறகை எரிப்பதுபோல உலோகத்தையே செலவழிக்கிறோம். கூடு மெலிந்து ஓட்டையாகும்போதுதான் உள்ளிருப்பது கசிந்து ரோச் லைட்டைப் பழுதாக்குகிறது.

மின்னேற்றக்கூடிய நிக்கல் உலோக ஐதரைட்டுப் பற்றரியில் நடப்பது வேறு. ஓர் உலோகக் கலவைக்குள் தங்கியிருக்கும் ஐதரசன், மின் தரும்போது வெளியேறுகிறது. ஏற்றும்போது மீண்டும் உள்ளே குடியேறுகிறது. நூற்றுக்கணக்கான தடவை இப்படிப் போய்வரும்.

இனிக் கணக்கு. கைவிரல் அளவான அல்கலைன் பற்றரி ஒன்று தருவது ஏறத்தாழ 3 வாற்று மணி மின். ஓர் அலகு என்பது 1000 வாற்று மணி. ஆகவே மின்பட்டியலில் ஓர் அலகாக வரும் மின்னைப் பற்றரியாக வாங்கினால் 300க்கு மேல் வேண்டும்! கடையில் ஒன்றின் விலையைக் கேட்டு, 300ஆல் பெருக்கிப் பாருங்கள். அதே அலகைக் கொண்டு மின்னேற்றும் பற்றரி ஒன்றைச் சுமார் 250 தடவை ஏற்றலாம். செலவெல்லாம் முதல் நாளில்தான்: பற்றரிக்கும் சார்ஜருக்கும்.

ஆனால் அதை வாங்கி மணிக்கூட்டில் போடாதீர்கள். வருடத்துக்கு ஒரு பற்றரி தின்னும் மணிக்கூட்டில் அந்த முதல் செலவு மீளவே மீளாது. நிக்கலைத் தோண்டிச் சுத்திகரிப்பதும் மண்ணையும் காற்றையும் கெடுக்கும் வேலை. அடிக்கடி ஏற்றிப் பயன்படுத்தினால்தான் அந்தக் கேடு பல நூறு பாவனைகளில் பங்கிடப்படும். ரோச், விளையாட்டுப் பொருள், கமரா ஆகியவற்றுக்கே அது பொருந்தும்.

எதுவானாலும் வளவில் எறிவதும் குப்பையோடு எரிப்பதும் கூடாது. இங்கே யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. நாம் குடிப்பது சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் தேங்கிய மழைநீரை. மேலே ஊறுவது அந்த வெடிப்புகளின் வழியே கிணற்றுக்கு இறங்கிவிடும். பழைய நிக்கல் காட்மியப் பற்றரிகள் மிக ஆபத்தானவை, காட்மியம் சிறுநீரகத்தைத் தாக்கும். வீட்டில் பழைய அவசர விளக்கோ கம்பியில்லாத் தொலைபேசியோ கிடந்தால், எறியுமுன் அதன் பற்றரி உறையில் எழுதியிருப்பதை வாசியுங்கள்.