பத்து வயதிலேயே முதுகைப் பாருங்கள்

பதின்ம வயதுப் பிள்ளைகள் 100 பேரில் இரண்டு அல்லது மூன்று பேருக்கு முள்ளந்தண்டு பக்கவாட்டில் வளைந்திருக்கிறது. உலகின் பல நாடுகளில் பாடசாலைப் பிள்ளைகளைப் பரிசோதித்துக் கண்ட கணக்கு இது. ஹட்டனிலோ பண்டாரவளையிலோ உள்ள ஒரு பெரிய பாடசாலையின் மேல் வகுப்புகளில் 1000 பேர் படித்தால், அவர்களில் 20, 30 பேர் இப்படி இருப்பார்கள். வகுப்புக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். இதைக் கேட்டதும் பெற்றோர் பதறுவது இயல்பு. ஆனால் அந்த 1000 பேரில் வளைவு 20 பாகையைத் தாண்டுவது மூன்று முதல் ஐந்து பேருக்குத்தான். 40 பாகையைத் தாண்டுவது ஏறக்குறைய ஒருவருக்கு. சிறிய வளைவு சாதாரணம், பெரிய வளைவு அபூர்வம். ஆனால் அந்தப் பெரிய வளைவும் ஒரு நாள் சிறியதாகத்தான் இருந்தது. அப்போது அதை யார் பார்த்தார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஸ்கோலியோசிஸ் என்று டொக்டர்மார் சொல்வது இதைத்தான். பிள்ளையை நிற்கவைத்து எக்ஸ்ரே எடுத்து, வளைவின் மேலும் கீழும் அதிகமாகச் சாய்ந்திருக்கும் இரண்டு முள்ளெலும்புகளில் கோடு போட்டு, அந்தக் கோடுகளுக்கு இடையிலுள்ள கோணத்தை அளப்பார்கள். அமெரிக்க எலும்பு வைத்தியர் ஜோன் கொப் 1948இல் எழுதிய முறை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. 10 பாகைக்குக் குறைந்தால் அதை ஸ்கோலியோசிஸ் என்று சொல்வதில்லை.

பெயர் பக்கவளைவு என்றாலும், எலும்புகள் பக்கத்துக்குச் சாய்வதோடு நிற்பதில்லை. தம் அச்சிலேயே திரும்பவும் செய்கின்றன. நெஞ்சுப் பகுதியின் 12 முள்ளெலும்புகளிலும் விலா எலும்புகள் பூட்டப்பட்டிருப்பதால், எலும்பு திரும்பும்போது விலாவும் கூடவே திரும்பும். ஒரு பக்க விலா பின்னால் தள்ளிக்கொண்டு வரும், பெரும்பாலும் வலது பக்கம். நேராக நிற்கும்போது இது கண்ணில் படாமல் போகலாம். குனிந்தால் தெரிந்துவிடும். லண்டன் சத்திரசிகிச்சை நிபுணர் வில்லியம் அடம்ஸ் 1865இல் சொன்ன சோதனை இது, காசு செலவில்லாதது. பிள்ளை வெறுங்காலோடு, கால் இரண்டையும் சேர்த்து, முழங்கால் மடக்காமல் நிற்கவேண்டும். உள்ளங்கைகளைச் சேர்த்துத் தொங்கவிட்டு, முதுகு தரைக்குச் சமாந்தரமாக வரும்வரை மெதுவாகக் குனியவேண்டும். பின்னால் நீங்கள் உட்கார்ந்து, உங்கள் கண்ணை முதுகின் மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் பள்ளமாகவும் இருந்தால் டொக்டரிடம் காட்டவேண்டும். நிற்கும்போது ஒரு தோள் உயர்ந்திருப்பது, ஒரு தோள்பட்டை எலும்பு துருத்துவது, இடுப்பின் மடிப்பு ஒரு பக்கம் மட்டும் ஆழமாக விழுவது ஆகியவையும் அடையாளங்கள். ஒரு கால் கட்டையாக இருந்தாலும் முதுகு வளைந்ததுபோல் தெரியும். பிள்ளையை உட்காரவைத்துப் பார்த்தால் அந்த வளைவு மறைந்துவிடும்.

காரணம் என்ன? பத்தில் எட்டுப் பேருக்கு இன்னதென்று ஒரு காரணத்தைக் காட்ட முடிவதில்லை. புத்தகப் பை காரணமில்லை. கூனிக்கொண்டு உட்காருவதும் காரணமில்லை. பாரமான பை முதுகுவலி தரும், அதைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் அது முள்ளந்தண்டைத் திருப்பிவிடாது. தோட்டத்தில் தண்ணீர்க் குடமும் விறகும் சுமக்கவிட்டதால்தான் பிள்ளைக்கு இப்படி ஆகிவிட்டதென்று நொந்துகொள்ளும் தாய்மாருக்கு இதை அழுத்திச் சொல்லவேண்டும்: அம்மா, இது உங்கள் தவறால் வந்ததில்லை. பரம்பரைக்கு இதில் பெரிய பங்கு உண்டு. ஒரே கருவில் உருவான இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் இருப்பது, வெவ்வேறு கருவில் உருவான இரட்டையரைவிட மிக அதிகம். தொடர்புள்ள சில மரபணுக்களும் தெரியவந்துள்ளன. 2011இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எல்பிஎக்ஸ்1 என்பதைக் கண்டார்கள்.

வளைவு ஏன் கூடுகிறது என்பது இதைவிடத் தெளிவாகத் தெரியும். வளரும் எலும்பில் அழுத்தம் கூடிய பக்கம் மெதுவாக வளரும், குறைந்த பக்கம் வேகமாக வளரும். முள்ளந்தண்டு ஒரு பக்கம் சாய்ந்தவுடன் உள்வளைவுப் பக்கம் நசுங்குகிறது. எலும்பு ஆப்பு வடிவமாகிறது. ஆப்பு வடிவமானால் இன்னும் சாய்கிறது. உயரம் கிடுகிடுவென்று கூடும் காலத்தில் இது வேகமெடுக்கும், வளர்ச்சி நின்றால் பெரும்பாலும் அடங்கும். சிறிய வளைவு ஆண், பெண் இருபாலாருக்கும் கிட்டத்தட்டச் சமமாக வருகிறது. 30 பாகைக்கு மேல் போனவர்களிலோ பெண் பிள்ளைகள் பல மடங்கு அதிகம்.

பெண் பிள்ளை மிக வேகமாக உயர்வது அவள் பெரிய பிள்ளையாவதற்கு முந்திய மாதங்களில். நம் மலையகத்தில் அந்த வயதில்தான் முதுகு யார் கண்ணிலும் படுவதில்லை. பத்து வயதானதும் பிள்ளை தானாகக் குளிக்கத் தொடங்கிவிடுகிறாள். குளிருக்கு விடிந்ததிலிருந்து ஸ்வெட்டர். அதன்மேல் தளர்வான யூனிபோர்ம். சடங்குக்கு ஜாக்கெட் தைக்க அளவெடுக்கும்போது, ஒரு தோள் இறங்கியிருக்கிறதே என்று தையற்காரி அக்கா சொல்லித்தான் தெரியவேண்டியதாகிவிடும். அதற்குள் வளர்ச்சியின் உச்சம் கடந்திருக்கும். அதனால் பெண் பிள்ளைக்கு 10 வயதிலும் 12 வயதிலும், ஆண் பிள்ளைக்கு 13, 14 வயதில் ஒரு தடவையும் குனியவைத்துப் பாருங்கள். 7ஆம் தரத்தில் பாடசாலை வைத்தியப் பரிசோதனை நடக்கும்போது, முதுகையும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். கிளினிக்கில் பிள்ளை எப்போது பெரிய பிள்ளையானாள் என்று கேட்பார்கள். கூச்சப்படாமல் திகதியைச் சொல்லுங்கள். இன்னும் எவ்வளவு வளர்ச்சி மிச்சம் என்பதை அதைவைத்தும் மதிப்பிடுவார்கள்.

வளைவு 25 பாகைக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் சில மாதங்களுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்வதே போதும். வளர்ச்சி மிச்சமிருந்து 25 முதல் 40 பாகைவரை இருந்தால் பிரேஸ், அதாவது வளைவு கூடாமல் தடுக்க உடம்பைச் சுற்றி இறுக்கிக் கட்டும் கவசம், போடச் சொல்வார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 242 பிள்ளைகளிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், பிரேஸ் போட்டவர்களில் 100க்கு 72 பேருக்கு, வளர்ச்சி முடியும்வரை வளைவு 50 பாகையைத் தொடவில்லை. போடாதவர்களில் அப்படித் தப்பியவர்கள் 48 பேர். நாளுக்கு 13 மணித்தியாலத்துக்கு மேல் போட்டவர்களில் 90 பேருக்கு மேல் தப்பினார்கள். பிரேஸ் போடும் பிள்ளைகளின் பெரிய முறைப்பாடு வியர்வை. அந்த வகையில் நுவரெலியாக் குளிர் கொஞ்சம் தோதானது. 50 பாகைக்கு மேல் போன வளைவு வளர்ந்த பின்னும் வருடத்துக்குச் சுமார் ஒரு பாகை கூடக்கூடியது, அதனால்தான் அங்கே சத்திரசிகிச்சை பற்றிப் பேசுகிறார்கள். தைலம் தேய்ப்பதாலும் உருவிவிடுவதாலும் வலி தணியலாம், திரும்பிய எலும்பு நேராகாது.

கிளினிக் போனால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும் என்ற கஷ்டம் உண்மையானது. இருந்தும் இரவில் எழுப்பும் முதுகுவலி, கால் மரத்துப்போவது அல்லது பலம் குறைவது, 10 வயதுக்கு முன்பே தெரியும் வளைவு ஆகியவை இருந்தால் நாள் தள்ளக்கூடாது. வளைவு உள்ள பிள்ளை ஓடலாம், வலைப்பந்து விளையாடலாம். உலகின் வேகமான மனிதர் உசைன் போல்ட்டுக்கும் ஸ்கோலியோசிஸ் உண்டு. மூத்தவளுக்கு வளைவு என்று தெரிந்தால், பின்னால் பிறந்த தங்கச்சிமாரையும் தம்பிமாரையும் அன்றே வரிசையாகக் குனியவைத்துப் பாருங்கள்; கூடப்பிறந்தவர்களுக்கு இது வரும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிடப் பல மடங்கு அதிகம்.