திறன்வழிப் பணியமர்த்தல்

சிங்கப்பூரில் வேலை தேடும் பிள்ளைகளின் பேச்சில் ‘ஸ்கில்ஸ் பேஸ்ட் ஹயரிங்’ என்ற தொடர் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. பட்டம் இருக்கிறதா என்பதை முதல் கேள்வியாக வைக்காமல், குறிப்பிட்ட வேலைக்கு வேண்டியவை ஒருவருக்குச் செய்யத் தெரியுமா என்று சோதித்து, அதைக்கொண்டு ஆளைத் தெரிவுசெய்யும் முறைக்கு அப்பெயர். இதைத் தமிழில் ‘திறமை அடிப்படையிலான வேலைவாய்ப்பு’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. ‘திறன்வழிப் பணியமர்த்தல்’ என்பதே சரியான தொடர்; அவர்கள் எழுதுவதில் திறமை, வேலைவாய்ப்பு என்ற இரண்டு சொற்களும் பொருந்தாதவை. வேலைவாய்ப்பு என்பது வேலை தேடுபவருக்குக் கிடைப்பது. பணியமர்த்தல் முதலாளி செய்வது. திறமைக்கும் திறனுக்கும் உள்ள வேறுபாடோ இன்னும் முக்கியமானது.

‘ஸ்கில்’ என்ற ஆங்கிலச் சொல் பழைய நார்ஸ் மொழியின் ‘ஸ்கில்’ என்பதிலிருந்து வந்தது. அங்கே அதன் பொருள் வேறுபாடு, பகுத்தறிதல் என்பதாகும்; கைத்தேர்ச்சி என்ற பொருள் பின்னரே வேரூன்றியது. நம் ‘திறம்’ என்ற சொல்லுக்கும் கூறுபாடு, வகை என்ற பொருள்கள் உண்டு என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. அதன் மற்றொரு வடிவமே ‘திறன்’. “திறனறிந்து சொல்லுக சொல்லை” என்ற குறளில் (644), சொல்பவர் நிலையையும் கேட்பவர் நிலையையும் கூறுபடுத்தி அறிதல் என்ற பழம்பொருள் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. தொடர்பே இல்லாத இரு மொழிகள், ஒன்றைச் செய்ய வல்லவரைப் பகுத்தறியத் தெரிந்தவராகக் கண்டிருக்கின்றன.

இன்றைய வழக்கில் திறமை என்பது ஆளை முழுமையாகப் பார்த்துச் சொல்வது. ‘கெட்டிக்காரப் பையன், திறமைசாலி’ என்று பாராட்டும்போது எதில் என்று எவரும் கேட்பதில்லை. திறனோ எப்போதும் ஒன்றைப் பற்றி நிற்கும்: பார்வைத்திறன், செவித்திறன், வாசிப்புத்திறன். இயற்பியலில் வாட் கணக்கில் அளக்கப்படுவதும் திறன்தான். மோட்டாரின் குதிரைத்திறனும் அப்படியே. நம் தமிழாசிரியர்கள் கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என நான்கு மொழித்திறன்களைத் தனித்தனியே பயிற்றுவித்துத் தனித்தனியே சோதிக்கிறார்கள். பிரிக்கவும் அளக்கவும் கற்பிக்கவும் கூடியது என்பதால் இந்த முறைக்குத் திறன் என்ற சொல்லே பொருந்தும். திறமை என்று எழுதினால், பட்டம் இல்லாதவர்களுள் பிறவியிலேயே கெட்டிக்காரரைத் தேடுவதாகப் பொருள் திரிந்துவிடும்.

எதிர்ப்பக்கத்தில் இருக்கும் பட்டம், வடமொழி ‘பட்ட’ என்பதோடு உறவுடையது. துணிப்பட்டை, நெற்றியில் கட்டும் பொற்றகடு என்ற பொருள்களிலிருந்து அரசுரிமைக்கும் (‘பட்டம் கட்டுதல்’), அங்கிருந்து பல்கலைக்கழகம் தரும் சிறப்புப் பெயருக்கும் வளர்ந்தது. பட்டதாரி என்றால் பட்டத்தை அணிந்தவர். பலதுறைத் தொழிற்கல்லூரி தரும் பட்டயமும் (டிப்ளோமா) அந்தக் குடும்பத்துச் சொல்தான். செப்பேட்டுச் சாசனத்தைக் குறித்த பெயர் அது.

சிங்கப்பூரில் மக்களின் திறன்களை வளர்க்க 2015ல் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் இயக்கம் ‘ஸ்கில்’ என்ற சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. மறு ஆண்டு 25 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூரர்களுக்குப் பயிற்சிக்கென 500 வெள்ளி வழங்கப்பட்டபோது, என் அத்தை உட்படப் பலர் அச்சொல்லைத் தமிழ்ச்சொல் போலவே பேசத் தொடங்கினர். அரசாங்கச் சேவையில் ஊழியர்களைக் கல்வித் தகுதியை ஒட்டி ஒன்று முதல் நான்கு வரை வகுத்த ‘பிரிவு’ என்ற அடையாளம் 2017 ஜனவரியிலிருந்து கைவிடப்பட்டது. மனிதவள அமைச்சின் 2024ஆம் ஆண்டுக் காலியிட அறிக்கையின்படி, நான்கில் மூன்றுக்கும் மேற்பட்ட இடங்களுக்குக் கல்வித் தகுதி முதன்மைக் காரணமாக இருக்கவில்லை. மருத்துவம், சட்டம் போன்ற துறைகளில் பட்டம் கட்டாயமாகவே தொடர்கிறது; தொடரவும் வேண்டும்.

தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் பயின்ற என் அண்ணன் மகன், ஈசூனில் ஒரு குளிரூட்டிப் பராமரிப்பு நிறுவனத்துக்கு நேர்முகத்துக்குப் போயிருந்தான். நல்ல சட்டை போட்டு, சான்றிதழ்க் கோப்பைக் கையோடு எடுத்துச் சென்றான். மேற்பார்வையாளர் கோப்பைத் திறக்கவில்லை. பழுதான கட்டுப்பாட்டுப் பலகை ஒன்றையும் மின்னளவுக் கருவியான மல்டிமீட்டரையும் மேசைமேல் வைத்து, “எங்கே கெட்டிருக்கிறது, சொல்” என்றாராம். இவன் முதலில் உருகியைச் சோதித்தான். அது நன்றாக இருந்தது. பிறகு மின்தேக்கியின் மேல்பக்கம் லேசாக உப்பியிருப்பதைக் கண்டு, அளந்து, காரணம் சொன்னான். கூறுபடுத்திப் பார்ப்பது என்ற பழம்பொருள் அந்த மேசையில் அப்படியே நடந்திருக்கிறது. “சித்தப்பா, பேப்பரைக் கேட்கவே இல்லை” என்று அவன் தொலைபேசியில் சொன்ன குரலில் இருந்த மகிழ்ச்சி எனக்கு மறக்காது.

தகுதி என்ற சொல்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தகு என்ற வேரிலிருந்து வரும் அச்சொல்லுக்குப் பொருத்தம் என்பதே பொருள். வேலை விளம்பரங்கள் ‘தகுதி: இளங்கலைப் பட்டம்’ என்றே எழுதி எழுதி அதைக் காகிதத்துக்குள் சுருக்கிவிட்டன, எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. ஆகவே இம்முறையைத் ‘தகுதி பாராத பணியமர்த்தல்’ என்று மொழிபெயர்ப்பது முற்றிலும் தவறு. இங்கு தகுதி பார்க்கப்படுகிறது, பார்க்கும் வழி மாறியிருக்கிறது. ‘வழி’ என்ற சொல்லைத் தொடரின் நடுவே வைத்ததும் அதனால்தான். எழுதும்போது ‘திறன்வழிப்’ என்று பகர ஒற்று மிக வேண்டும். வினையாக ஆளும்போது ‘திறன்வழிப் பணியமர்த்தினர்’ என வரும். விளம்பரத்தில் ‘கல்வித் தகுதி’ என்ற தலைப்பு நிற்கும் இடத்தில் ‘வேண்டிய திறன்கள்’ என்று எழுதலாம்.