கத்திக்குப் பிடி மாற்ற அடுப்பு எதற்கு?

போன வாரமும் ஒன்று அப்படியே வந்தது. நல்ல கார்பன் ஸ்டீல், கறிக்கடையில் பல வருஷம் உழைத்த கத்தி, மரப்பிடி மட்டும் வெடித்திருந்தது. புதுசு போடலாம் என்று கேஸ் அடுப்பில் காட்டிப் பழையதைக் கருக்கி உதிர்த்துவிட்டார்கள். அலகு பாதி வரை நீலம். "கூரே நிக்கல, உங்க சாணைதான் சரியில்ல" என்று என்னிடமே சண்டை.

"பிடிப் பக்கத்தைத்தானே காட்டினேன், அலகைக் காட்டலையே?" கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பிடிக்குள் போகும் பட்டையும் அலகும் ஒரே இரும்புங்க, சூடு அங்கேயே நிற்காது. இந்த மாதிரிக் கத்திக்குக் கடைசிப் பதம், அதாவது கூர் நிற்கும்படி இரும்புக்கு அளவாகச் சூடு காட்டுவது, 200 டிகிரியை ஒட்டித்தான் வைப்பார்கள். நீலம் தெரிந்தால் கிட்டத்தட்ட 300ஐத் தொட்டாயிற்று, பதம் இறங்கியாயிற்று. எமரி போட்டுத் தேய்த்தால் நிறம்தான் போகும், போன பதம் வராது. சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் சரியாகும் என்று ஒருவர் முக்கி, குறுக்கே விரிசலோடு கொண்டுவந்தார். அதற்கு நான் செய்ய ஒன்றுமில்லை. (தண்ணீர் தொடாமல் கிரைண்டரில் அழுத்தித் தேய்ப்பவர்களும் இதே கணக்குதான், அந்தச் சூட்டிலும் பதம் இறங்கும்.)

தீயே வேண்டாம். ரிவிட் தலையை டிரில் போட்டு எடுத்து, பஞ்ச் வைத்துத் தட்டினால் ஆணி வந்துவிடும். ஒட்டுப்பசை விடவில்லையா, கொதிக்கும் தண்ணீரில் கொஞ்ச நேரம் போடுங்கள். 100 டிகிரி பதத்தை ஒன்றும் செய்யாது, பசை இளகும். எடுத்ததும் துடையுங்கள், இல்லாவிட்டால் துரு.

இதற்கெல்லாம் முன்னால், தயவுசெய்து, அலகை அட்டையில் சுற்றி டேப் ஒட்டுங்கள். டிரில் மாட்டிக்கொண்டால் கத்தி சுழலும், கையில் பிடித்துக்கொண்டு டிரில் போடுகிறவர்களை என்ன சொல்வது? வைஸில் மரத்துண்டு வைத்து இறுக்குங்கள். கண்ணாடி ஃபைபர் பிடியைத் தேய்க்கும்போது மாஸ்க் கட்டாயம், பறப்பது கண்ணாடித் தூள். ஈட்டி மரத்தூளும் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கிளப்பும்.

ஒட்டும்போது பட்டையை முரட்டு எமரியில் கீறி, தின்னரில் துடைத்து, அப்புறம் விரல் படாமல் அரால்டைட் பூசுங்கள். கிளாம்பை முறுக்கித் தள்ளாதீர்கள், பசை முழுக்க வெளியே வந்தால் உள்ளே எது ஒட்டும்? ஒரு முழு நாள் காயவிடுங்கள். சாயங்காலமே கறி வெட்டணும் என்றால் வேறு கத்தி எடுங்கள்.