ஒரு அயோடின் அணுவைக் கழற்றினால்

1912-இல் குடர்நாட்ச் என்ற ஆய்வாளர் தலைப்பிரட்டைகளுக்குக் குதிரையின் தைராய்டு சுரப்பியைத் தீனியாகப் போட்டார். அவை வளரக்கூடப் பொறுக்கவில்லை. கால் முளைத்து, வால் சுருங்கி, குட்டியூண்டு தவளைகளாக மாறிவிட்டன. அந்தச் சுரப்பியை எடுத்துவிட்டால் நேர்மாறு: தலைப்பிரட்டை தலைப்பிரட்டையாகவே பெருத்துக்கொண்டு போகும்.

நமக்கு உதிர்க்க வால் இல்லை. ஆனால் நம் கழுத்தின் முன்புறம் பட்டாம்பூச்சி வடிவில் இருக்கும் தைராய்டு சுரப்பி செய்வதும், அந்தத் தலைப்பிரட்டைகளை மாற்றிய அதே ஹார்மோன்தான். ரத்தத்திலிருந்து அயோடினை இழுத்து, டைரோசின் என்ற அமினோ அமிலத்தில் கோக்கிறது. நான்கு அயோடின் அணுக்கள் இருந்தால் டி4, மூன்று இருந்தால் டி3. சுரப்பி அனுப்புவதில் பெரும்பகுதி டி4. வேடிக்கை என்னவென்றால், டி4 அவ்வளவாக வேலை செய்யாது. வேலைக்காரன் டி3தான்.

அப்புறம் எதற்கு டி4? அது கையிருப்பு. ரத்தத்தில் புரதங்களைப் பற்றிக்கொண்டு சுற்றிவரும். பாதியளவு குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். டி3 ஒரே நாளில் பாதியாகிவிடும். டி4 மூலக்கூறில் உள், வெளி என இரண்டு வளையங்கள் உண்டு. தேவைப்படும் திசு டி4-ஐ உள்ளே எடுத்து, வெளி வளையத்திலிருந்து ஒரு அயோடினைக் கழற்றி டி3 ஆக்கிக்கொள்ளும். உள் வளையத்தில் கழற்றினால் ஹார்மோன் செயலற்றுப்போகும். ஆக, ரத்தத்தில் ஓடுவது ஒரே சரக்கு. எவ்வளவு எரிப்பது என்பதில் அந்தந்தத் திசுவுக்கும் பங்கு உண்டு. தலைப்பிரட்டைக்குக் கால் முதலில் முளைத்து வால் கடைசியில் மறைவதிலும் இந்தக் கணக்கு இருக்கிறது.

டி3 செல்லின் உட்கருவுக்குள் போய், மரபணுக்களை முடுக்கியோ அடக்கியோ விடுகிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, உடல் சூடு கூடுகிறது, குடல் சுறுசுறுப்பாகிறது. கருவில் இருக்கும் குழந்தைக்கு மூளையே இதை நம்பித்தான் வளர்கிறது. தன் சுரப்பி தயாராகும்வரை அம்மாவிடமிருந்து வாங்கிக்கொள்கிறது.

இதையெல்லாம் மேற்பார்ப்பது மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி. தைராய்டு ஹார்மோன் குறைந்தால், டிஎஸ்எச் என்ற தூண்டும் ஹார்மோனை அனுப்பித் தைராய்டை விரட்டும். ரிப்போர்ட்டில் டிஎஸ்எச் ஏறியிருந்தால் தைராய்டு அதிகம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் தைராய்டு சோர்ந்திருக்கிறது என்றே பொருள். அதற்குக் கொடுக்கும் மாத்திரையும் டி4தான். மெதுவாகச் சேர்ந்து மெதுவாகக் கரையும் சரக்கு என்பதால், மாத்திரையின் அளவை மாற்றினால் ஆறு வாரமாவது கழித்துத்தான் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள்.