மகளுக்குக் கட்டும் பார்சலில் மாத்திரை வேண்டாம்

பாளையங்கோட்டையில் மருந்துக்கடை நடத்துகிறேன். ராணுவப் பயிற்சியில் இருக்கும் மகளுக்குப் பார்சல் அனுப்ப சாமான் வாங்க வருபவர்களை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். 2019-ல் ராணுவப் போலீஸில் பெண்களைச் சிப்பாய்களாக எடுக்கத் தொடங்கினார்கள். 2022-ல் நான்கு வருடப் பணிக்கு ஆள் எடுக்கும் அக்னிபத் திட்டம் வந்தது. நம் பக்கத்துப் பிள்ளைகளும் விடியற்காலையில் ஓடிப் பழகி, பெங்களூர், பெலகாவி, ஒடிசாவின் சிலிகா என்று பயிற்சிக்குப் போகிறார்கள். பெருமையாக இருக்கிறது.

நாப்கின், சோப்பு, பவுடர் எல்லாம் எடுத்து முடித்ததும் பெற்றவர்கள் கேட்பது இதுதான்: "அண்ணாச்சி, புள்ள காலு வலிக்குன்னு சொல்லுதா. வலி மாத்திரை ரெண்டு அட்டை சேத்துப் போடுங்க."

நான் போடுவதில்லை. காரணத்தையும் சொல்லித்தான் அனுப்புகிறேன்.

பழக்கமில்லாத ஓட்டமும் அணிநடையும் திடீரென்று கூடும்போது எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளத் தொடங்கும். பழைய எலும்பு முதலில் கரையும். புது எலும்பு வளர்ந்து உறுதிப்படப் பல வாரம் பிடிக்கும். அந்த இடைவெளியில்தான் மயிரிழை போன்ற விரிசல் விழுகிறது. டாக்டர்கள் இதை ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் என்பார்கள். பயிற்சிக்குப் போகும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில்கூடத் தெரியாமல் போகலாம். அப்போது வலி ஒன்றுதான் தடயம். மாத்திரை போட்டு அதை அமுக்கிவிட்டு அதே காலோடு ஓடினால் விரிசல் முழு முறிவாகலாம். தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் அப்படி ஆனால் ஆபரேஷன் வரை போகும். வேர்த்து ஊற்றி உடம்பில் நீர் குறைந்திருக்கும் நேரத்தில் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தையும் கெடுக்கலாம்.

பிள்ளைகள் வலியை ஏன் மறைக்கிறார்கள் என்றும் புரிகிறது. உடம்பு சரியில்லை என்று சிக் ரிப்போர்ட் போட்டால் ரெலிகேட் செய்து அடுத்த பேட்ச்சில் தள்ளிவிடுவார்களோ என்ற பயம். ஒரு பேட்ச் தள்ளிப்போனால் சில மாதம் போகும், அவ்வளவுதான். தொடை எலும்பு முறிந்தால் வேலையே போய்விடலாம். வீட்டிலிருந்து வரும் அட்டை அந்தப் பயத்துக்குத் துணைபோகிறது.

அம்மாமார் தனியாக வந்து மெதுவாகக் கேட்பது இன்னொன்று: மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரை. கோயில் கொடை விழாவுக்கும் கல்யாணத்துக்கும் போட்டுப் பழகியதால் சாதாரணமாக நினைக்கிறார்கள். நோரெதிஸ்டிரோன் என்ற அந்த ஹார்மோன் மருந்தை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது. ரத்தம் உறையும் கோளாறு உள்ளவர்களுக்கும் கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் அது ஆபத்து. இதையும்விட எனக்குக் கவலை தருவது வேறு. கடும் பயிற்சிக்கு ஏற்ற சாப்பாடு இல்லாவிட்டால் மாதவிடாய் தானாகவே நின்றுபோகலாம். உடம்பு சாப்பாடு போதாமல் தவிக்கிறது, எலும்பும் பலவீனமாகிறது என்று அதற்கு அர்த்தம். மாத்திரை போட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்?

வீட்டில் மிச்சமிருந்த மாத்திரைகளையும் கத்தரித்துப் போடுகிறார்கள். பெயரும் காலாவதித் தேதியும் இருந்த பாதி வீட்டிலேயே தங்கிவிடும். வெறும் வெள்ளித்தாளில் நான்கு மாத்திரை போய்ச் சேரும். அது என்ன மருந்து என்று அங்குள்ள டாக்டரால்கூடச் சொல்ல முடியாது. ஏற்கெனவே தொடர்ந்து சாப்பிடும் மருந்து இருந்தால் முழு அட்டையாக, டாக்டர் சீட்டோடு அனுப்புங்கள். வந்ததும் எம்.ஐ. ரூமில், அதாவது பயிற்சி மையத்தின் மருத்துவ அறையில், காட்டச் சொல்லுங்கள்.

சரி, என்னதான் அனுப்பலாம்? முதலில் பயிற்சியில் சேருவதற்குத் தரும் ஜாயினிங் இன்ஸ்ட்ரக்‌ஷனைப் பாருங்கள், அதில் அனுமதித்தது மட்டும். வழக்கமாக அவள் பயன்படுத்தும் அதே நாப்கின். புது வகை ஓட்டத்தில் உராய்ந்து புண்ணாக்கும். நல்ல பிடிமானமுள்ள ஸ்போர்ட்ஸ் பிரா, ஒருமுறை துவைத்த சாக்ஸ், தொடை உராய்வுக்கு வாசலின், பிளாஸ்டர். ஸ்பிரேயும் பவர் பேங்கும் தபாலில் வேண்டாம். அல்வாவும் அனுமதி கேட்ட பிறகுதான். நெய் கசிந்தால் துணியெல்லாம் பாழ்.

இன்னும் கிளம்பாத பிள்ளை என்றால் ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதினால் இங்கேயே ஆரம்பித்துவிடலாம்.

பயிற்சி மையத்தில் போன் கொடுக்கும் நாளில் "வலிக்குதா" என்று மட்டும் கேட்காதீர்கள். ஒரே விரலால் தொட்டுக் காட்டும்படி ஓரிடத்தில் வலிக்கிறதா, ஓட ஓடக் கூடுகிறதா, ராத்திரி படுத்த பிறகும் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் மறுநாள் காலையிலேயே எம்.ஐ. ரூமுக்குப் போகச் சொல்லுங்கள்.