தொய்வு: 'டிஃப்ளெக்‌ஷன்' என்பதற்குத் தளத்தில் பொருந்தும் சொல்

சுமை தாங்கும் தளமோ உத்திரமோ, தாங்கிகளுக்கு நடுவே தன் முதல் மட்டத்திலிருந்து கீழே இறங்கும் அளவே தொய்வு. மில்லிமீட்டரில் சொல்வார்கள்.

தமிழக-கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை, மார்த்தாண்டம், பாறசாலை வட்டாரத்தில் தளம் போடுவதற்கு 'வார்ப்பு', அதற்குப் பலகை அடிப்பதற்குத் 'தட்டடிப்பு' என்று எல்லையின் இரு புறமும் புரியும் சொற்கள் உண்டு. வரைபடக் குறிப்பில் வரும் டிஃப்ளெக்‌ஷனுக்குத்தான் ஆளுக்கொரு சொல். அது லத்தீனிலிருந்து வந்தது. 'தே' என்றால் விலகி, 'ஃப்ளெக்தெரே' என்றால் வளைத்தல். மின்கருவியின் முள் நகர்வதைப் பாடநூல் 'விலகல்' என்கிறது. அங்கே அது சரி, ஆனால் தளத்துக்கு ஒட்டாது. 'வளைவு' என்றால் கட்டடக்காரர் மனத்தில் ஆர்ச்சுதான் நிற்கும். தொய்தல் என்பது தளர்ந்து தழைதல். கயிற்றுக் கட்டில் தொய்கிறது, வேலையில் தொய்வு விழுகிறது என்கிறோம். மெல்ல மெல்ல, காலப்போக்கில் நேர்வது என்ற பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது. கான்கிரீட் தளத்தின் இயல்பும் இதுவே என்பதால் தொய்வையே பொதுச் சொல்லாக வைத்துக்கொள்ளலாம்.

வார்ப்பைத் தாங்கி நிற்கும் முட்டை எடுத்த உடனே தெரியும் தொய்வு சிறியது. பெரிய பங்கு பின்னால் வருகிறது. நிலையான சுமையின் கீழ் கான்கிரீட் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து அமுங்கும். ஆங்கிலத்தில் இது கிரீப், தமிழில் 'ஊர்வு'. கான்கிரீட்டுக்கான இந்திய நெறிமுறை ஐ.எஸ். 456:2000 தரும் ஊர்வுக் கெழு (உடனடி அமுக்கத்தைப் போல எத்தனை மடங்கு பின்னால் கூடும் என்ற எண்), 7ஆம் நாளில் சுமை ஏற்றினால் 2.2, 28ஆம் நாளில் 1.6, ஓராண்டு கழித்து 1.1. உடனடி அமுக்கம் 1 பங்கு என்றால், 7ஆம் நாளில் சுமந்த கான்கிரீட்டில் அது கடைசியில் 3.2 பங்காகும், 28ஆம் நாளில் சுமந்ததில் 2.6 பங்கு. அவசரமாக முட்டு எடுப்பதன் விலை பல ஆண்டு கழித்துத் தெரிவது இதனால்தான். உலர்வதால் வரும் சுருக்கமும் இதோடு சேரும். கம்பி இருக்கும் அடிப்பக்கம் சுருங்க விடாமல் இழுத்துப் பிடிக்க, மேற்பக்கம் தடையின்றிச் சுருங்கும். தளம் கீழ்நோக்கி வளைய அதுவும் ஒரு காரணம்.

அதே நெறிமுறையின் வரம்பு, மொத்தத் தொய்வு இடைவெளியில் (தாங்கிக்குத் தாங்கி உள்ள தூரத்தில்) 250இல் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. தடுப்புச் சுவரும் பூச்சும் முடிந்தபின் சேரும் தொய்வு 350இல் ஒரு பங்கு அல்லது 20 மி.மீ., இவற்றில் சிறியது. 4 மீட்டர் அறைக்கு இவை 16 மி.மீ., 11 மி.மீ. தொய்வால் சுவர் வெடிப்பதும் டைல்ஸ் தூக்குவதும் பெரும்பாலும் இரண்டாம் வரம்பு மீறும்போது. ஆகவே அதையே முதலில் பார்க்க வேண்டும்.

தொய்வை அடக்குவதில் முதல் கருவி கனம். நீளம், அகலம் என இரு திசையிலும் வளையும் தளத்தில், குறுகிய இடைவெளி 3.5 மீட்டர் வரை, பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு 3 கிலோநியூட்டன் வரை இருந்தால், எஃப்.இ. 415 என்ற வலிமைத் தரக் கம்பிக்கு, இடைவெளியை 28ஆல் வகுத்து வரும் கனம் போதும். அடுத்த அறைக்கும் தொடரும் தளத்துக்கு 32ஆல். 3.5 மீட்டருக்கு முதல் கணக்கில் வருவது 125 மி.மீ., அதாவது நம் வழக்கமான 5 அங்குலம். எல்லா அறைக்கும் 5 அங்குலம் என்ற பழக்கம் சிக்கலாவது, அறை நீண்டு தளம் ஒரு திசையில் மட்டும் வளையும்போது. 4.2 மீட்டருக்குத் தனித்துக் கிடக்கும் தளத்தில் இடைவெளிக்கும் ஆழத்துக்கும் அடிப்படை விகிதம் 20, கம்பி அளவுக்கான திருத்தம் 1.4 என்று கொண்டால், பயன்படும் ஆழமே (மேல்மட்டத்திலிருந்து கம்பியின் நடு வரை) 150 மி.மீ. கவரும் (கம்பியை மூடும் கான்கிரீட்) கம்பியின் பாதியும் சேர்த்தால் 175 மி.மீ. ஆகும்.

இரண்டாவது, கம்பி நிற்கும் இடம். பால்கனியில் கம்பி மேலே இருக்க வேண்டும். வார்ப்பு நாளில் ஆட்கள் மிதித்து அது 25 மி.மீ. இறங்கினால், 100 மி.மீ. ஆழம் 75 ஆகிறது. வலிமை கால் பங்கு குறையும். வெடித்த தளத்தின் விறைப்பு, அதாவது வளையாமல் நிற்கும் திறன், ஏறக்குறைய ஆழத்தின் இருமடியைப் பொறுத்தது, ஆகவே அது பாதியை நெருங்கும் அளவுக்குக் குறையும். மேல்கம்பியைத் தூக்கி நிறுத்தும் நாற்காலிக் கம்பியை நெருக்கமாக வைத்து, மேலே நடைபலகை போடுவதைத் தவிர இதற்கு வழி கிடையாது.

முட்டு விஷயத்தில், சாதாரண போர்ட்லேண்டு சிமெண்டில் வார்த்த தளத்துக்கு, இடைவெளி 4.5 மீட்டர் வரை குறைந்தது 7 நாள், அதற்கு மேல் 14 நாள் முட்டு நிற்க வேண்டும். பி.பி.சி. (போர்ட்லேண்டு பொசோலானா) சிமெண்டு என்றால் கூட்டிக்கொள்ள வேண்டும். மேல்மாடி வார்ப்பின் முட்டுகள் கீழ்த்தளத்தில் நிற்கும்போது கீழ்த்தளத்துக்கும் முட்டு இருக்கட்டும். பெரிய அறையில் தட்டுப் பலகையை நடுவில் சற்று உயர்த்தி அடிப்பதுண்டு. அப்போது மேல்மட்டமும் அதே அளவு உயர வேண்டும். மட்டமாக இழுத்துவிட்டால் நடுவில் கனம்தான் குறையும்.

அடியில் உத்திரமில்லாத இடத்தில் பின்னாளில் எழுப்பும் அரைச்செங்கல் சுவரும் தொய்வைக் கூட்டும். 3 மீட்டர் உயரத்துக்கு அது மீட்டருக்கு ஏறத்தாழ 700 கிலோ.

தொய்ந்துவிட்ட தளத்தைச் சோதிக்க, அடியில் சுவருக்குச் சுவர் நூல் கட்டி நடுவில் அளந்து, தேதியோடு குறித்து, சில மாதம் கழித்து மீண்டும் அளக்கவும். கூடிக்கொண்டே போனால் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிட வேண்டும். பள்ளத்தை மேலே கலவை கொட்டி நிரப்பக் கூடாது: 20 மி.மீ. கலவை சதுர மீட்டருக்கு 40 கிலோ, அதுவும் நிலையான சுமை.